பெரிய ஹார்டு டிஸ்க்கைப் பழைய கணினி ஏன் ஏற்க மறுக்கிறது?

கள்ளக்குறிச்சி போன்ற ஊர்களில் கணினிகளுக்கு அவ்வளவு சீக்கிரம் ஓய்வு கிடைப்பதில்லை. கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோவிலும், பத்திரிகையும் பேனரும் வடிவமைக்கும் டிடிபி கடையிலும் பத்துப் பன்னிரண்டு வருடக் கணினி இன்னும் சோறு போடுகிறது. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் பலவும் வீடுகளில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. கல்வராயன் மலைக் கிராமத்தில் இருப்பவருக்கு ஒரு பழுது என்றால் மலையிறங்கித்தான் ஆக வேண்டும். ஓடுகிற கணினியைத் தூக்கிப் போட யாருக்கு மனம் வரும்?

ஆனால் படமும் வீடியோவும் சேரச் சேர டிஸ்க் நிரம்பிவிடுகிறது. 3 டெராபைட் டிஸ்க் ஒன்றை வாங்கி மாட்டுகிறோம். கணினி அதைக் காட்டவே இல்லை; அல்லது 746 ஜிபி என்று மட்டும் காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்ற எண்ணம்தான் முதலில் வரும். பெரும்பாலும் டிஸ்க் நன்றாகவே இருக்கும். அந்த 746 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஹார்டு டிஸ்க் தன்னிடமுள்ள இடத்தைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. செக்டர் எனப்படும் அந்தத் துண்டு ஒவ்வொன்றும் நெடுங்காலமாக 512 பைட். எல்லாத் துண்டுகளுக்கும் பூஜ்ஜியத்தில் தொடங்கி வரிசை எண் உண்டு. எந்தக் கோப்பை எழுதினாலும் படித்தாலும், கணினி அந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். எண்ணைச் சொல்ல எத்தனை இலக்கம் ஒதுக்குவது என்பதை அந்தந்தக் காலத்துப் பொறியாளர்கள் முன்கூட்டியே முடிவுசெய்தார்கள். விண்ணப்பப் படிவத்தில் கதவு எண்ணுக்கு மூன்றே கட்டம் இருந்தால் 999-ஆம் வீடு வரைதான் எழுத முடியும். ஆயிரமாவது வீடு தெருவில் இருந்தும் படிவத்துக்கு அது இல்லை. டிஸ்க் விஷயத்திலும் அதுவே நடக்கிறது.

1983-இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி கணினி வந்தபோது அதிலிருந்த டிஸ்க் 10 எம்பி. அந்தத் தலைமுறைக்கு ஒதுக்கிய இலக்கங்கள் 90-களில் 528 எம்பி-யில் முட்டின. அதைத் தாண்டியதும் 8.4 ஜிபி-யில் அடுத்த சுவர் வந்தது. செக்டர் எண்ணுக்கு 28 பிட் (இரும இலக்கம்) ஒதுக்கிய முறையில் சுமார் 26 கோடியே 84 லட்சம் செக்டர்களுக்கு எண் கொடுக்கலாம். அதன் எல்லை 137 ஜிபி. 2002-இல் வந்த ஏடிஏ-6 தரம் இதை 48 பிட்டாக உயர்த்தியது. விண்டோஸ் எக்ஸ்பி-க்கு இந்த வசதி சர்வீஸ் பேக் 1-இல்தான் கிடைத்தது. ஐடிஇ கேபிள் உள்ள மிகப் பழைய கணினியில் 160 ஜிபி டிஸ்க் குறைவாகத் தெரிந்தால் இந்தச் சுவரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இன்று நாம் அதிகம் முட்டிக்கொள்ளும் சுவர் இதற்கு அடுத்தது. டிஸ்க்கை எப்படிப் பிரித்திருக்கிறோம் என்ற விவரம் அதன் தொடக்கத்தில் ஓர் அட்டவணையாக எழுதப்பட்டிருக்கும். எம்பிஆர் எனப்படும் பழைய அட்டவணையில் செக்டர் எண்ணுக்கு 32 பிட்தான் இடம். அதாவது ஏறத்தாழ 429 கோடி செக்டர்கள். 512 பைட்டால் பெருக்கினால் 2.2 டெராபைட். தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்கில் கணக்கிட, விண்டோஸ் 1,024-இன் மடங்கில் கணக்கிடுகிறது. அதன் கணக்கில் இந்த எல்லை 2,048 ஜிபி. 3 டெராபைட் டிஸ்க்கின் முழு அளவு 2,794 ஜிபி. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் 746. பழைய டிரைவர் மென்பொருள், எண்ணின் மேல் இலக்கத்தைத் தவறவிட்டு மிச்சத்தை மட்டும் படித்திருக்கிறது.

இதிலுள்ள ஆபத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. மேல் இலக்கம் விழுந்துபோனால், எல்லைக்கு அப்பால் எழுத வேண்டிய தகவல் டிஸ்க்கின் தொடக்கத்தில் போய் விழும். அங்கே அட்டவணையும் பழைய கோப்புகளும் இருக்கின்றன. எல்லாம் சரியாக ஓடுவதுபோலத் தெரியும். இடம் நிரம்பி எல்லையைத் தாண்டும் நாளில் முதலில் சேமித்த படங்கள் அழியும்.

ஆகவே டிஸ்க்கில் ஏற்கெனவே தகவல் இருந்தால், முதலில் வேறிடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள். பிறகு கணினியை ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி, கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குள் போய், டிஸ்க்கின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரே இல்லையென்றால் சிக்கல் கேபிளிலோ மின்சாரத்திலோ இருக்கக்கூடும். புதிய பெரிய டிஸ்க்குகள் சிலவற்றில், சாட்டா மின் இணைப்பின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் சுழலாமல் நிற்கும் ஏற்பாடு உண்டு. பழைய பவர் சப்ளை அந்த வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இதற்கான மாற்று இணைப்பியைப் பழுதுபார்ப்பவரிடம் கேட்டு மாட்டிக்கொள்ளலாம்.

பயாஸில் பெயர் தெரிந்தும் விண்டோஸில் 746 ஜிபி மட்டும் தெரிந்தால் முதலில் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும். 2,048 ஜிபி-க்கு மேல் பயன்படுத்த முடியவில்லையென்றால் அட்டவணையை மாற்ற வேண்டும். புதிய அட்டவணையின் பெயர் ஜிபிடி. அதில் செக்டர் எண்ணுக்கு 64 பிட் இருப்பதால் நம் ஆயுளில் சுவர் வராது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் பகுதியில் புதிய டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யும்போதே ஜிபிடி-யைத் தேர்ந்தெடுக்கலாம். எம்பிஆர் என்று தொடங்கிவிட்ட டிஸ்க்கை அங்கே மாற்ற வேண்டுமானால் அதைக் காலியாக்கியே ஆக வேண்டும்.

பழைய பயாஸ் உள்ள கணினியில் விண்டோஸ் ஜிபிடி டிஸ்க்கிலிருந்து துவங்காது. அதற்கு, பயாஸுக்கு மாற்றாக வந்த யூஇஎஃப்ஐ வேண்டும். ஆனால் விண்டோஸ் 7, ஜிபிடி டிஸ்க்கைத் தகவல் கிடங்காகத் தாராளமாகப் பயன்படுத்தும். ஆகவே விண்டோஸைச் சிறிய எஸ்எஸ்டி-யில் எம்பிஆர் முறையில் வைத்துவிட்டு, பெரிய டிஸ்க்கை இரண்டாவதாக மாட்டுவதே நல்ல ஏற்பாடு. கணினியின் வேகமும் கூடும். லினக்ஸ் நிறுவினால் பழைய பயாஸிலும் ஜிபிடி-யிலிருந்தே துவங்கலாம். தொடக்க மென்பொருளுக்கு 1 எம்பி பார்ட்டிஷன் ஒன்றை ஒதுக்கினால் போதும்.

32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி-க்கு ஜிபிடி புரியாது. அதற்கெனச் சில யுஎஸ்பி பெட்டிகள் செக்டரை 4,096 பைட்டாகக் காட்டும். அதே 32 பிட் எண்ணிக்கையில் எட்டு மடங்கு இடம் கிடைத்துவிடும். ஆனால் அந்த டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து கழற்றி நேரடியாக மாட்டினால் செக்டர் கணக்கு மாறி, டிஸ்க் காலியாக இருப்பதுபோலத் தோன்றும். பதறிப்போய் ஃபார்மட் செய்துவிடாதீர்கள். திரும்பப் பெட்டிக்குள் வைத்தால் தகவல் தெரியும்.

மடிக்கணினி வைத்திருப்பவர்கள் வாங்கும் முன் தடிமனைப் பார்க்க வேண்டும். 7 அல்லது 9.5 மில்லிமீட்டர் டிஸ்க்குக்கு இடமுள்ள குழியில் 15 மில்லிமீட்டர் டிஸ்க் நுழையாது. வெளியே வைக்கும் யுஎஸ்பி டிஸ்க்கை உடைத்து உள்ளே மாட்டலாம் என்பதும் எப்போதும் நடக்காது. பலவற்றில் சாட்டா இணைப்பே இருக்காது.

முழு அளவும் தெரிந்துவிட்டது என்பதோடு நிறுத்தாமல் ஒரு சோதனை செய்யுங்கள். டிஸ்க்கை முழுக்க நிரப்பிப் படித்துப் பார்க்கும் இலவச மென்பொருள்கள் உண்டு; விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3. எல்லைக்கு அப்பால் எழுதியது அப்படியே திரும்பி வந்தால்தான் அந்த டிஸ்க்கை நம்பலாம். பல மணி நேரம் ஆகும், ஆகட்டும். ஒரு குடும்பத்தின் கல்யாணப் பதிவை நம்மிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு வேலையும் வேண்டாம் என்பவர்களுக்கு ஓர் எளிய வழி இருக்கிறது. 2 டெராபைட் டிஸ்க் அந்த 2.2 டெராபைட் சுவருக்கு உள்ளேயே அடங்கிவிடுகிறது. எம்பிஆர் முறையிலேயே முழு இடமும் கிடைக்கும். பழைய கணினிக்கு 4 டெராபைட்டில் ஒன்று வாங்குவதற்குப் பதில் 2 டெராபைட்டில் இரண்டு வாங்கி, ஒன்றில் வேலையும் மற்றொன்றில் அதன் பிரதியும் வையுங்கள். எந்த டிஸ்க்கும் ஒருநாள் பழுதாகும். அன்றைக்குக் கைகொடுக்கப்போவது இரண்டாவது டிஸ்க்தான்.