ஒலி புகா அறை

தனித்திருந்து கற்போர்க்கும், இசை பயில்வோர்க்கும், நோயுற்றுத் துயில்வோர்க்கும் அமைதியான அறை இன்றியமையாதது என்பதை எவரும் மறுப்பாரில்லை. ஆயினும் கட்டடம் எழுப்புவோர் காற்று, வெளிச்சம், தண்ணீர் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே எண்ணுதல்போல ஒலியை எண்ணுவதில்லை. குடிபுகுந்த பின்னரே அடுத்த அறையின் பேச்சும் மேல்மாடியின் காலடியும் அவர்களுக்கு அதனை நினைவூட்டுகின்றன. அப்பொழுது செய்யத்தக்கது சிறிதே.

ஆங்கில நூலாசிரியராகிய தாமஸ் கார்லைல் 1834-ஆம் ஆண்டு முதல் இலண்டன் மாநகரில் செல்ஸி என்னும் பகுதியில் வாழ்ந்துவந்தார். அயல்வீட்டுக் கோழிகளின் கூவலும் பியானோவின் ஓசையும் அவரது எழுத்து வேலைக்கு ஓயாத இடையூறாயின. அதனைப் பொறாராய், 1853-ஆம் ஆண்டில் தம் வீட்டின் உச்சியில் புதியதோர் அறையைக் கட்டுவித்தார். அதற்கு இரட்டைச் சுவர்கள் அமைந்தன. வெளிச்சம் கூரைக் கண்ணாடி வழியே வந்தது. பெரும்பொருள் செலவாயிற்று, பயனோ ஏமாற்றமே. அயலோசை ஒருவாறு அடங்கவே, தேம்ஸ் ஆற்றுக் கப்பல்களின் ஒலியும், ரெயில் வண்டிகளின் ஊதலும், முன் அவர் பொருட்படுத்தாத பிற தூரத்து ஓசைகளும் அங்கே கேட்கலாயின. பிரஷ்ய அரசர் இரண்டாம் பிரெடெரிக்கின் வரலாற்றை அவ்வறையிலிருந்தே வருந்தி எழுதி 1865-இல் முடித்தார். முடிந்ததும் அவ்வறையை விட்டுக் கீழே இறங்கினார்.

இரட்டைச் சுவர் எழுப்பியும் ஒலி புகுந்தது யாது காரணத்தால்? ஒலியாவது அதிர்ச்சி. அஃது ஓர் அறையை நான்கு சுவர்களால் மட்டுமன்றிக் கூரையாலும் தரையாலும் அணுகுகின்றது. ஒலியின் அளவைக் கூறும் டெசிபெல் கணக்கில், பத்து டெசிபெல் குறைதலாவது ஒலியின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காதல். இருபுறமும் சாந்து பூசிய ஒன்பதங்குலச் செங்கற் சுவர் ஏறக்குறைய 50 டெசிபெல் குறைக்க வல்லது. அதாவது இலட்சத்தில் ஒரு பங்கையே அப்பால் விடுகின்றது. ஆனால் அச்சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருப்பின், விழும் ஒலியில் நூற்றில் ஒரு பங்கு உட்புகுந்தே தீரும். 50 என்பது 20 ஆகிவிடும். கதவடியிலுள்ள இடுக்கு பெருஞ்சுவரின் பயனை அழிப்பது இவ்வாறே.

சுவரில் மெத்தையும் கம்பளமும் ஒட்டினால் ஒலி நின்றுவிடும் என்பது பலர் கொண்ட மயக்கம். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஆசிரியர் வாலஸ் சபைன், 1895-ஆம் ஆண்டில் அங்குள்ள ஃபாக் கலைச்சாலையின் விரிவுரை மண்டபத்தை ஆராயத் தொடங்கினார். அம்மண்டபத்தில் எழுந்த ஒலி அடங்க ஐந்தரை விநாடி சென்றமையால் பேச்சு விளங்கவில்லை. மெத்தைகளைக் கொணர்ந்து பரப்பவே அம்முழக்கம் குறைந்தது. ஆயின் அங்கே குறைந்தது அறையினுள்ளே மீண்டுவரும் ஒலியே. மெல்லிய பொருள் ஒலியில் நூற்றுக்கு எண்பது பங்கை விழுங்கினும், எஞ்சிய இருபது அப்புறம் செல்லுமாயின், அடுத்த அறையினர் பெறும் குறைவு 7 டெசிபெல்லே. உள்முழக்கத்தைத் தணித்தல் வேறு. ஒலியைத் தடுத்தல் வேறு.

தடுத்தற்குரிய வழிகள் மூன்று. முதலாவது எடை: கனத்த சுவர் எளிதில் அதிராது. ஆயினும் எடையை இரட்டித்தால் கிடைக்கும் ஆதாயம் ஏறக்குறைய 5 டெசிபெல்லே. ஆதலின் இரண்டாவது வழியாகிய பிரிவு வேண்டப்படுகின்றது. இடையே வெளிவிட்டு இரு சுவர் எழுப்பின், அவை ஒன்றையொன்று தொடலாகாது. இடையில் விழுந்து கிடக்கும் சாந்துக்கட்டியும் அதிர்ச்சிக்குப் பாலமாகும். மாடியின் காலடியோசைக்கும் இதுவே மருந்து: தளத்தின்மேல் தக்கை, ரப்பர் போன்ற நெகிழும் பொருளைப் பரப்பி, அதன்மேல் சுவரைத் தொடாதவாறு மேல்தரையை அமைப்பர். மூன்றாவது இடுக்கின்மை: சுவர் பொய்க்கூரையோடு நில்லாது மேற்றளம் வரை எழவேண்டும், குழாய்கள் செல்லும் துளைகள் அடைக்கப்படவேண்டும், கனத்த கதவின் ஓரங்களில் ரப்பர் பொருந்தவேண்டும்.

வெப்ப நாடுகளில் வாழ்வோர் சாளரங்களை அடைத்து வாழ்தல் அரிதன்றோ எனின், அது மெய்யே. காற்றுப் புகும் வழியில் ஒலியும் புகும். ஆதலின் இங்கே வரைபடமே முதற் காவல். நூலகத்தின் சாளரங்கள் தெருவை நோக்கலாகாது. இசையறையும் நோயாளர் அறையும் ஒரு சுவரைப் பங்கிடலாகாது. இடையே சாமான் அறைகளை வைத்தல் நலம். காற்று வந்தே தீரவேண்டிய இடத்தில், உட்புறம் மெல்லிய பொருள் பதித்த வளைந்த வழியை அமைக்கலாம். காற்று வளைந்து செல்லும். ஒலியோ ஒவ்வொரு வளைவிலும் விழுங்கப்படும். சுவரில் பயனற்ற மெத்தை இங்கே பயன்படுகின்றது.

இவற்றுட் பலவும் தாளில் வரையுங்கால் செலவின்றியோ சிறு செலவிலோ முடிவன. சுவர் எழுந்தபின் பெரும்பொருள் கொடுப்பினும் முற்றும் கைகூடாதன. கார்லைல் வாழ்ந்த வீடும் அவ்வுச்சியறையும் இன்றும் பேணப்பட்டு வருகின்றன. கட்டடம் எழுப்ப எண்ணுவோர்க்கு அவ்வறை கற்பிக்கும் பாடம் ஒன்றே: அமைதியை அடித்தளத்தோடு இடவேண்டும்.