இரண்டு எண்களுக்குள் ஒரு புதையல்

உத்திரமேரூர் என்றால் பாடப்புத்தகத்தில் குடவோலைத் தேர்தல் வரும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு அது. அந்த ஊர்க் கல்வெட்டுகளில் எனக்கு இன்னும் பிடித்தது, நிலத்துக்கு அடையாளம் சொல்லும் முறை. இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாவது கண்ணாறு, இத்தனையாவது சதுரம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வதி என்பது தெற்கு வடக்காகப் போகும் பாதை. வாய்க்கால் கிழக்கு மேற்காக ஓடும். கண்ணாறும் சதுரமும் நிலத்தின் பிரிவுகள். இரண்டிலிருந்தும் எண்ணிக்கொண்டே போனால், சரியான வயலில் போய் நிற்கலாம்.

பூமி முழுவதற்கும் இன்று நாம் செய்வதும் இதுதான். நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே எவ்வளவு, கிரீன்விச் கோட்டிலிருந்து கிழக்கே எவ்வளவு என்று இரண்டு எண்கள். உத்திரமேரூருக்கு 12.6 பாகை வடக்கு, 79.8 பாகை கிழக்கு. இந்த அளவில் சொன்னால் சுற்றியுள்ள பல கிராமங்களும் அதற்குள் அடங்கிவிடும். வடக்கு எண்ணில் புள்ளிக்குப் பின் முதல் இலக்கம் ஒன்று மாறினாலே 11 கிலோமீட்டர் தள்ளிப் போகிறோம். நான்கு இலக்கம் எழுதினால் 11 மீட்டர். ஐந்து எழுதினால் ஏறக்குறைய ஒரே மீட்டர்! ஒரு வேப்பமரத்தைக்கூட எண்ணால் குறித்துவிடலாம்.

இதை வைத்து ஒரு விளையாட்டு உண்டு. பெயர் ஜியோகேச்சிங். ஒருவர் டப்பாவை ஒளித்துவைத்து அதன் எண்களைச் சொல்வார். மற்றவர்கள் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை அதே இடத்தில் வைத்துவிட வேண்டும். அமெரிக்க அரசு சாதாரண மக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையை வேண்டுமென்றே துல்லியம் குறைத்து வைத்திருந்தது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அதை நிறுத்தியது. அடுத்த ஓரிரு நாளில், மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலக் காட்டில் ஒரு வாளியை ஒளித்துவைத்தார். விளையாட்டு பிறந்துவிட்டது.

நாம் நிற்கும் இடம் போனுக்கு எப்படித் தெரிகிறது? மின்னல் தெரிந்து இடி கேட்கும் வரை எண்ணினால் அது எவ்வளவு தூரத்தில் என்று சொல்லலாம் அல்லவா? போனும் நேரத்தைத்தான் அளக்கிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள், 'நான் இங்கே இருக்கிறேன், மணி இவ்வளவு' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தச் செய்தி ஒரு நொடியில் 3 லட்சம் கிலோமீட்டர் பாயும். கடிகாரம் ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் 300 மீட்டர் தவறு வந்துவிடும்! அதனால்தான் செயற்கைக்கோளில் அணுக்கடிகாரம். போனில் இருப்பதோ சாதாரணக் கடிகாரம். இடத்தைக் கணிக்க மூன்று செயற்கைக்கோள்கள் போதும் என்றாலும், இந்தக் கடிகாரத்தின் பிழையைத் திருத்த நான்காவதும் தேவைப்படுகிறது. இதே வேலைக்கு நம் இஸ்ரோவிடம் நாவிக் இருக்கிறது. அதன் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது.

திறந்த வெளியில் போன் சில மீட்டர் தூரத்துக்குள் கொண்டுபோய் விடும். அடர்ந்த மரத்தடியிலும் உயர்ந்த சுவர் அருகிலும் சமிக்ஞை தடைபட்டும் எதிரொலித்தும் தடுமாறும். கடைசிச் சில மீட்டருக்கு உங்கள் கண்கள்தான்.

ஜியோகேச்சிங் ஆட்டக்காரர்களிடம் எனக்கு மிகவும் பிடித்த பழக்கம் ஒன்று உண்டு. 2002 முதல் பல நாடுகளில் ஒன்றுகூடி, தாங்கள் தேடித் திரியும் இடங்களில் கிடக்கும் குப்பையைப் பொறுக்குகிறார்கள், மரம் நடுகிறார்கள். நம் ஏரிக்கரைகளுக்கும் இது வேண்டும்.

உங்கள் பள்ளியிலேயே ஒரு குழு தொடங்கலாம். ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, பள்ளி வளாகத்தில் டப்பாவை ஒளித்துவையுங்கள். குழி தோண்டாதீர்கள், தின்பண்டம் வைத்தால் எறும்பு முந்திக்கொள்ளும். டப்பாவின் மேல் பள்ளியின் பெயரும் 'விளையாட்டுப் பெட்டி' என்ற சொல்லும் இருக்கட்டும். கோயிலிலும் கல்வெட்டின் பக்கத்திலும் எதையும் ஒளிக்க வேண்டாம். ஏரிக்கரைக்குப் போகும்போது பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அங்கே பனை விதை ஊன்றினால், ஒவ்வொன்றின் எண்களையும் நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு போய், எது முளைத்தது என்று பார்க்க அந்த நோட்டு வேண்டும்.