ஒற்றையடிப் பாதையின் அகலம்

மலேசியத் தோட்டப்புறத் தமிழில் ‘காடு’ என்ற சொல், தானாக முளைத்து வளர்ந்த வனத்தைக் காட்டிலும், ரப்பர் மரங்கள் நிரை பிடித்து நின்ற வேலைத்தளத்தையே பெரும்பாலும் குறித்து வந்தது. அகிலன் தம் மலேசிய நாவலுக்குச் சூட்டிய ‘பால்மரக் காட்டினிலே’ என்ற தலைப்பும் அவ்வழக்கைத் தழுவியதுதான். பினாங்கு மாநிலத்தின் பெருநிலக் கூறான செபராங் பிறையின் தென்பகுதியில், சிம்பாங் அம்பாட்டிலும் அதை அடுத்த வால்டோர், சுங்கை பாக்காப், நிபோங் திபால் வட்டாரங்களிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்பும், பின்னர் ரப்பரும் தென்னையும், அவற்றுக்குப் பின் செம்பனையும் பயிராயின. 2014-இல் இரண்டாம் பினாங்குப் பாலம் பத்து காவானில் கரையேறிய பிறகு தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் அவ்விடத்தை வேகமாக நிரப்பி வருகின்றன. இத்தனை மாற்றத்துக்கும் நடுவில் யாரும் நடாமல், யாரும் நீரூற்றாமல் நிற்கும் காடு எதுவென்று தேடினால், விரல் விட்டு எண்ணத்தக்க சில குன்றுகளும் சில சதுப்புத் துண்டுகளுமே எஞ்சுகின்றன.

அவற்றுள் இரண்டு, சிம்பாங் அம்பாட்டிலிருந்து அரை மணி நேரப் பயணத்துக்குள் அடங்குபவை. வடக்கே, புக்கிட் மெர்தாஜாம் குன்றின் அடிவாரத்தில் செரோக் தொக்குன் பொழுதுபோக்கு வனம் அமைந்துள்ளது. அதன் பரப்பு சுமார் 37 ஹெக்டேர் மட்டுமே. தென்கிழக்கே, கெடா, பேராக் எல்லைகளை ஒட்டி, சுமார் 445 ஹெக்டேரில் புக்கிட் பஞ்சோர் மாநிலப் பூங்கா பரந்துள்ளது. மலாய் மொழியில் ‘புக்கிட்’ குன்றையும் ‘பஞ்சோர்’ பீறிட்டு விழும் நீரையும் குறிப்பதால், அக்குன்று எதற்காகக் காக்கப்பட வேண்டும் என்பதை அதன் பெயரே சொல்லிவிடுகிறது எனலாம். முன்னது சிறியது, நகரை ஒட்டியது, நாள்தோறும் விடியலில் நடையர்களால் நிரம்புவது. பின்னது பெரியது, ஒதுங்கியது, பள்ளி விடுமுறையில் மட்டும் கலகலப்பது. இவ்விரண்டையும் ஒரே விதியால் ஆள முடியாது என்பதிலிருந்துதான் வன மேலாண்மை தொடங்குகிறது.

நீரிணைக் குடியேற்றங்களின் காடுகள் அழிந்துவரும் நிலையைப் பற்றி, சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த நத்தானியல் கான்ட்லி 1883-இல் ஓர் அறிக்கை அளித்தார். அடுத்த ஆண்டே பினாங்கின் பூங்காக்களையும் காடுகளையும் கவனிக்கும் பொறுப்பில் சார்ல்ஸ் கர்ட்டிஸ் அமர்த்தப்பட்டார். பினாங்குத் தாவரவியல் பூங்கா அவர் கையில் உருப்பெற்றது. குன்றின் தலையிலுள்ள மரங்களை வெட்டினால் அடிவாரத்தில் ஊற்று வற்றும் என்ற கவலையே அக்காலக் காப்புக்காடுகளுக்கு அடிப்படை. உலாவவும் களைப்பாறவும் காடு வேண்டும் என்ற எண்ணம் வெகு காலம் கழித்து வந்தது. இன்று நடைமுறையிலுள்ள 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டம், நிரந்தரக் காப்புக்காட்டை அதன் பயனுக்கேற்ப வகை பிரிக்கச் சொல்கிறது: நீர்ப்பிடிப்பு, மண் காப்பு, வெள்ளத் தடுப்பு, வனவிலங்குப் புகலிடம், கன்னிக்காடு, கல்வி, ஆய்வு, மக்கள் மகிழ்வு என அவ்வகைகள் நீள்கின்றன. கன்னிக்காடு என்பது கோடரி படாமல் ஒப்பீட்டுக்காக விட்டுவைக்கப்படும் பகுதி. மகிழ்வுக்காடு என்பது நடைபாதை, முகாம், குளிக்கும் துறை ஆகியவற்றுக்கு இடங்கொடுக்கும் பகுதி. அச்சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி காப்புக்காட்டுக்குள் அனுமதிச் சீட்டின்றி நுழைவதே குற்றம். பொழுதுபோக்கு வனமாகத் திறந்துவிடப்பட்ட பகுதியோ வாயிலில் நின்று வரவேற்கிறது. இவ்விரண்டு பகுதிகளுக்கும் இடையே பல இடங்களில் வேலி கிடையாது, ஓர் அறிவிப்புப் பலகை மட்டுமே உண்டு. அதைக் கடந்து போகிறவருக்குத் தாம் எப்போது விருந்தினர் நிலையிலிருந்து அத்துமீறியவர் நிலைக்கு மாறினோம் என்பது தெரிவதே இல்லை.

காட்டுக்குள் மனிதக் காலடி என்ன செய்கிறது என்பதைத் தனித்துறையாகவே ஆராய்ந்து வருகிறார்கள். பொழுதுபோக்குச் சூழலியல் என்று அதற்குப் பெயர். காட்டின் மேல்மண் கடற்பஞ்சைப் போல நுண்துளைகள் நிரம்பியது. மட்கிய இலையும் பூஞ்சை நூல்களும் எறும்பு வளைகளும் அத்துளைகளை உண்டாக்குகின்றன, மழைநீர் அவற்றின் வழியாகவே கீழிறங்குகிறது. நடப்பவரின் எடை அத்துளைகளை நசுக்கியதும் மண் இறுகி நீரை ஏற்க மறுக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெறும் பினாங்கில் அப்படி மறுக்கப்பட்ட நீர் பாதையையே வாய்க்காலாக்கிக் கொள்கிறது. வாய்க்காலான பாதையில் வேர்கள் எலும்புபோல் துருத்தி நிற்கும், சேறு தேங்கும். அடுத்து வருபவர் சேற்றுக்கு அஞ்சி ஓரத்துப் புல்லின்மேல் கால் வைப்பார், அவருக்கு அடுத்தவர் இன்னும் ஓரடி தள்ளி வைப்பார். ஒற்றையடிப் பாதை ஈரடியாகி, ஈரடி வண்டித்தடமாகும் கதை இதுதான். இதில் எவரும் தீங்கு நினைத்தவரல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்கக் காட்டு ஆய்வாளர் டேவிட் கோலும் அவரைப் போன்றோரும் பல்லாண்டு அளந்து கண்ட உண்மை ஒன்று, பொதுப்புத்திக்கு மாறானது. நடப்போர் எண்ணிக்கை இரட்டித்தால் சேதமும் இரட்டிக்கும் என்று தோன்றும். உண்மையில் பெரும்பகுதிச் சேதம் முதல் சில நூறு காலடிகளிலேயே நேர்ந்துவிடுகிறது, அதன்பின் ஆயிரம் பேர் நடந்தாலும் இறுகிய தடம் பெரிதாகக் கெடுவதில்லை. ஆகவே கூட்டத்தைக் காடு முழுதும் பரப்பிவிடுவது கருணை போலத் தோன்றினாலும் தீங்கானது. அதை ஒரு தடத்தில் குவித்து, அத்தடத்தைக் கெட்டிப்படுத்தி, மற்ற இடங்களைத் தொடாமல் விடுவதே காட்டுக்கு நன்மை. புக்கிட் மெர்தாஜாம் உச்சியிலுள்ள தொலைத்தொடர்புக் கோபுரங்களுக்குச் செல்லும் தார்ச்சாலை கண்ணுக்கு அழகற்றதுதான். ஆயினும் ஒவ்வொரு காலையும் அதில் ஏறி இறங்கும் கூட்டம் காட்டுக்குச் செய்யும் தீங்கு, அச்சாலையின் வளைவுகளைக் குறுக்கே வெட்டிச் செங்குத்தாக ஏறும் ஒரு சில குறுக்குவழிக்காரர் செய்யும் தீங்கைவிடக் குறைவாகவே இருக்கும்.

செங்குத்துப் பாதை கெடுவதற்கும், சாய்ந்து சுற்றிப் போகும் பாதை நிலைப்பதற்கும் காரணம் நீர் ஓடும் விதமே. குன்றின் பக்கச்சரிவில் பாதிக்கு மேல் பாதையின் சரிவு போகக்கூடாது என்பது பாதை அமைப்போரின் கைக்கணக்கு; அதைத் தாண்டினால் நீர் பாதையைக் குறுக்கே கடந்து போகாமல் பாதையோடு சேர்ந்து ஓடத் தொடங்கும். சரிவு தவிர்க்க முடியாத இடங்களில் ஒரு மரக்கட்டையையோ கல்வரிசையையோ குறுக்காகச் சற்றே சாய்த்துப் புதைத்து, ஓடிவரும் நீரைப் பள்ளத்துப் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். அக்கட்டையின் மேற்புறம் இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் அது கட்டையாக இருந்தும் பயனில்லை. நீர் அதன்மேல் ஏறிக் குதித்து, அடுத்த பக்கத்தில் குழி பறிக்கும்.

செரோக் தொக்குன் வனத்தில் பெயர்பெற்ற மெங்குண்டோர் மரம் ஒன்று உண்டு. கம்போடியாவின் தா புரோம் கோயில் சுவர்களைத் தன் வேர்களால் கவ்வி நிற்கும் மரங்களும் இதே இனத்தவை. அதன் பலகைவேர்கள் ஆளுயரச் சுவர்கள்போல் நிற்பதால், அவற்றுக்கிடையே புகுந்து படம் எடுத்துக்கொள்ளாதவர் அரிது. மழைக்காட்டு மரங்கள் உணவு உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பகுதியை மேல்மண்ணிலேயே பரப்பி வைத்திருப்பவை. பலகைவேரைத் தட்டிப் பார்ப்பதால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது, அதைச் சுற்றியுள்ள தரை சிமெண்டுபோல் மிதிபடும்போதுதான் அது மெல்லப் பட்டினி கிடக்கிறது. இவ்வடிவாரத்தின் பழமைக்கு மரம் மட்டும் சான்றன்று. ஜூலை 26 திருவிழாவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் உட்படப் பெருந்திரள் கூடும் புனித அன்னம்மாள் ஆலய வளாகத்தில், பல்லவ எழுத்துப் பொறித்த பாறை ஒன்றை ஜேம்ஸ் லோ 1845-இல் கண்டறிந்தார். குன்றும் நீரும் இருந்த இடத்தில் மனிதர் வந்து தங்குவது புதிதன்று என்பதை அப்பாறை காட்டுகிறது.

புக்கிட் பஞ்சோரில் சிக்கல் வேறு. அங்கே நன்னீர்ச் சதுப்பின்மேல் மரப்பலகை நடைபாதை அமைத்திருக்கிறார்கள். சதுப்பு மண்ணில் காற்று குறைவாதலால் பல மரங்கள் வேரை வளைத்து மேலே நீட்டி மூச்சு வாங்குகின்றன. அவ்வேர்களை மிதிப்பது மூக்கைப் பொத்துவதற்கு ஒப்பாகும். தரையைத் தொடாமல் தூண்களில் நிற்கும் பலகைப் பாதை அதற்கு நல்ல விடை, ஆனால் ஈரத்தில் பலகை இற்றுப்போவதும் விரைவு. இற்றுப்போன பலகையைக் கண்டு நடையர் சேற்றில் இறங்கும் நாளிலிருந்து, பாதை எதற்காகக் கட்டப்பட்டதோ அது தலைகீழாகிவிடும். கட்டுவதற்குத் திறப்பு விழா உண்டு, பலகை மாற்றுவதற்கு விழா இல்லை.

அப்பூங்காவின் வௌவால் குகையும் அத்தகைய கவனத்தைக் கேட்பது. மலாயாக் குகைகளில் வாழும் தேனுண்ணும் வௌவால் ஓர் இரவில் 38 கிலோமீட்டர் வரை பறந்து இரை தேடும் என ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர். டுரியானும் பெட்டாயும் காய்ப்பதற்கு அதன் மகரந்தச் சேர்க்கை பெருந்துணை, டுரியான் பூக்காத மாதங்களில் அது கடலோரப் பெரெம்பாங் மரத்தின் பூவை நாடிப் போகும். குகையும் பழத்தோட்டமும் அலையாத்திக் காடும் ஒரு சிறு விலங்கின் இரவுப் பயணத்தால் கோக்கப்பட்டிருக்கும் நிலையில், ஒன்றைக் காத்து மற்றொன்றை விடுவது பாதிக் காப்பாகவும் ஆகாது. குகைக்குள் பாய்ச்சும் விளக்கொளியும் கூச்சலும் குட்டி சுமக்கும் தாய் வௌவாலைக் கலைத்து, குட்டியை நழுவவிடச் செய்யும்.

காட்டை நேசிப்பவரே அதை மாற்றிவிடுவதும் உண்டு. பினாங்குக் குன்றுகளில் நாள்தோறும் ஏறும் முதியோர் குழுக்கள் தம் கையால் படிக்கட்டு வெட்டி, கூரை வேய்ந்து, வெந்நீர்க் குடுவையும் தேநீரும் வைத்து, ஓய்விடங்களை உருவாக்கும் வழக்கம் நெடுநாளையது. அவர்களே குப்பை பொறுக்குகிறார்கள், விழுந்த மரத்தைப் பற்றி வனத்துறைக்குச் சொல்கிறார்கள். ஆள்பற்றாக்குறை உள்ள துறைக்கு அவர்கள் கண்ணும் காதும் என்றால் மிகையன்று. அதே கைகள் ஓய்விடத்தைச் சுற்றி வாழையும் செம்பருத்தியும் நடும்போது, தரை மூடியிருந்த காட்டுச்செடிகள் இடம்பெயர்கின்றன. மீந்த ரொட்டி நீண்டவால் குரங்கைக் கைநீட்டப் பழக்குகிறது, பழகிய குரங்கு பையைப் பறிக்கிறது, பறித்த குரங்கின்மேல் புகார் எழுகிறது. தண்டனை கடைசியில் குரங்குக்கே போய்ச் சேர்கிறது. இவ்வோய்விடங்களை ஒரேயடியாக இடித்துத் தள்ளுவதும், கண்டும் காணாமல் விடுவதும் எளிய வழிகள். அமெரிக்க வனத்துறை 1985-இல் வகுத்த ‘ஏற்கத்தக்க மாற்றத்தின் எல்லை’ என்ற முறை நடுவழி ஒன்றைக் காட்டுகிறது: மாற்றமே கூடாது என்று கனவு காணாமல், எவ்வளவு மாற்றம் வரை பொறுக்கலாம் என்பதைப் பயன்படுத்துவோரோடு கூடிப் பேசி முன்கூட்டியே எழுதி வைத்து, பாதையின் அகலம், வெறுந்தரையின் பரப்பு போன்ற அளக்கக்கூடிய குறிகளால் ஆண்டுதோறும் சோதிப்பது. குழுவின் பெரியவர்களிடம் ஓர் அளவுநாடாவைக் கொடுத்தால் அவர்களே இதைச் செய்துவிடுவார்கள்.

தீவின் பக்கம் நிலைமை மேம்பட்டது, பெயரளவிலேனும். தெலுக் பஹாங்கிலுள்ள பினாங்கு தேசியப் பூங்கா, 1980-ஆம் ஆண்டுத் தேசியப் பூங்காச் சட்டத்தின் கீழ் 2003-இல் அறிவிக்கப்பட்டது. அங்கே பந்தாய் கெராச்சுட் கரையில், மேலே நன்னீரும் கீழே உப்புநீரும் கலவாமல் அடுக்காக நிற்கும் ஏரி உருவாகிறது, கடலாமைகள் முட்டையிட ஏறி வருகின்றன. 12,481 ஹெக்டேர் கொண்ட பினாங்கு மலை உயிர்க்கோளக் காப்பகத்தை 2021-இல் யுனெஸ்கோ ஏற்றது. தெலுக் பஹாங்கில் சாலையைக் கடக்கும் லோத்தோங் குரங்குகள் வண்டியில் அடிபடாமலிருக்க, லங்கூர் புரோஜெக்ட் பினாங்கு என்ற குழு 2019-இல் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு சாலைக்கு மேலே ஒரு பாலம் கட்டியது. செபராங் பிறையின் குன்றுகளுக்கோ இத்தகைய பட்டங்கள் இல்லை. பட்டம் இல்லாத காட்டை ஒட்டித்தான் வீடு கட்டுவோர் வேலி போடுகிறார்கள்.

கடல்மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேற்பட்ட அல்லது 25 பாகைக்கு மேல் சரிந்த நிலத்தில் கட்டடம் கூடாது என்று பினாங்கின் திட்டவிதி சொல்வதும், சிறப்புத் திட்டங்களுக்கு அதே விதி வழிவிடுவதும் பழைய சச்சரவு. ஆனால் அந்தக் கோட்டுக்குக் கீழே, குன்றையும் சமவெளியையும் இணைத்த அடிவாரக் காடு போய்விட்டால், மேலே எஞ்சுவது நாற்புறமும் சூழப்பட்ட தீவாகிவிடும். நிபோங் திபாலில் கெரியான் ஆற்றங்கரை மின்மினிகளின் கதையும் இதை ஒத்ததே: பெரெம்பாங் மரத்தில் மின்னும் பூச்சியைப் படகிலிருந்து காண்பவர் மரத்தைக் காத்தால் போதுமென்று நினைக்கலாம், அப்பூச்சியின் புழுப்பருவமோ மரத்துக்குப் பின்னாலுள்ள ஈரக் கரையில் நத்தை தின்று வளர்கிறது. காப்புக்காட்டின் தகுதியை நீக்குமுன் பொது விசாரணை நடத்த வேண்டும் என்று தேசிய வனச் சட்டத்துக்கு நாடாளுமன்றம் 2022-இல் திருத்தம் நிறைவேற்றியது. நிலமும் காடும் மாநில அதிகாரத்தில் இருப்பதால், ஒவ்வொரு மாநிலமும் அதைத் தன் சட்டமாக ஏற்றால்தான் அதற்குப் பல் முளைக்கும்.

சட்டமும் பட்டமும் மேலே இருக்க, பாதையின் தலைவிதி மழைக்காலத்துக்கு முந்தைய சில வாரங்களில் முடிவாகிறது. தோட்டப்புறத் தமிழில் சங்கோல் எனப்படும் மண்வெட்டியோடு இரண்டு ஆட்கள் குன்றேறி, குறுக்குக்கட்டைகளின் மேற்புறம் அடைத்த மண்ணை வாரி, நீர் வடியும் வாயைத் திறந்து, குறுக்குவழியின் முகப்பில் முள்ளும் காய்ந்த கிளையும் போட்டு மூடிவிட்டு வருவார்கள். செம்பனைத் தோட்டத்தில் வடிகால் வெட்டிப் பழகிய எவருக்கும் சொல்லித்தர வேண்டிய வேலை அல்ல அது. அக்டோபர் மழை இறங்கும்போது நீர் பாதையைக் குறுக்கே கடந்து, இலைச்சருகுக்குள் புகுந்து மறைந்துவிடும்.