ஏழாம் தரத்தில் பெண் பிள்ளைகள் ஏன் உயரம்?

குருநாகலிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ6 வீதியில் இருக்கிறது கலேவெல. அங்குள்ள கலவன் பாடசாலை ஒன்றில் ஏழாம் தரத்தின் காலைக்கூட்ட வரிசையைப் பாருங்கள். நெடுநெடுவென்று நிற்பவர்களில் பலர் பெண் பிள்ளைகள். அதே வகுப்பு பத்தாம் தரத்துக்கு வரும்போது பையன்கள் தலை ஓங்கியிருக்கும்.

இதற்குக் காரணம் பருவமடையும் காலத்தில் இருபாலாருக்கும் உள்ள வித்தியாசம். மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலமஸ் என்ற சிறு பகுதிதான் பருவமடைதலைத் தொடக்கிவைக்கிறது. அதன் சமிக்ஞை பிட்யூட்டரி சுரப்பிக்கும், அங்கிருந்து பெண்ணின் சூலகத்துக்கும் ஆணின் விதைகளுக்கும் போகிறது. பெண்களில் இது பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்களில் 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்குகிறது. உயரம் மிக வேகமாகக் கூடுவது பெண்ணுக்கு 12 வயதை ஒட்டி, ஆணுக்கு 14 வயதை ஒட்டி. வேக வளர்ச்சிக்கு முன்பே பையனுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு கூடுதலாக வளரக் கிடைக்கிறது. வளர்ந்த ஆண்கள் சராசரியாக 13 சென்ரிமீற்றர் அளவுக்கு உயரமாக இருப்பதற்கு அது ஒரு முக்கிய காரணம்.

நம் வீடுகளில் பெண் பிள்ளை 'பெரிய பிள்ளை' ஆன பிறகுதான் பேச்சே தொடங்குகிறது. உடல் அதற்குச் சுமார் இரண்டு ஆண்டு முன்பே, மார்பு வளர்ச்சி மூலம் அறிவித்துவிடுகிறது. தாய் பேச வேண்டிய காலம் அதுதான். முதல் இரத்தத்தைக் கண்டு பயந்து அழும் பிள்ளையை நாம்தான் அந்த நிலைக்கு விட்டோம். பையன்களின் நிலை இன்னும் மோசம். குரல் உடைவதும் தூக்கத்தில் விந்து வெளியேறுவதும் இயல்பு என்று அவர்களுக்கு யாரும் சொல்வதேயில்லை.

மூளையின் வளர்ச்சியிலும் இந்தக் கால வித்தியாசம் உண்டு. அமெரிக்க தேசிய மனநல நிறுவன ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஸ்கேன் ஆய்வில், மூளையின் மொத்தக் கனவளவு பெண்களில் பத்தரை வயதிலும் ஆண்களில் பதினான்கரை வயதிலும் உச்சம் தொட்டது. இதை வைத்து அறிவை அளக்க முடியாது. ஆணின் மூளை சராசரியில் பெரிதாக இருப்பதும் புத்திக்கு அளவுகோல் அல்ல. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் டஃப்னா ஜோயல் குழு 1,400க்கு மேற்பட்ட மூளைகளை ஆராய்ந்து 2015இல் சொன்னது இது: பெரும்பாலானவர்களின் மூளையில் இருபாலாரிடமும் காணப்படும் கூறுகள் கலந்தே இருக்கின்றன. அவசரத்தை அடக்கி யோசிக்கவைக்கும் மூளையின் முன்பகுதி, இருவரிலும் இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது.

ஆகவே, உடல் வளர்ந்துவிட்ட 12 வயதுச் சிறுமியை முழுப் பெண்ணாக நடத்துவது தவறு. அவள் இன்னும் குழந்தைதான். 13 வயதிலும் குள்ளமாக இருக்கும் பையனைக் கேலி செய்வதும் அதே அளவு தவறு.

இந்த வயதில் இருவருக்கும் இரும்புச்சத்து கூடுதலாக வேண்டும். மாதவிடாயில் இரத்தம் இழப்பதால் பெண் பிள்ளைகள் இதில் தனிக் கவனம் எடுக்க வேண்டும். பாடசாலையில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை வீசிவிட வேண்டாம். 2017 முதல் ஆறாம் தரப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான தடுப்பூசியும் கிடைக்கிறது.

பெண் பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்னும் பையனுக்கு 9 வயதுக்கு முன்னும் பருவ மாற்றம் தொடங்கினால் வைத்தியரிடம் காட்டுங்கள். 13 வயதாகியும் மார்பு வளரத் தொடங்காத, அல்லது 15 வயதாகியும் மாதவிடாய் வராத பெண் பிள்ளையையும், 14 வயதாகியும் எந்த மாற்றமும் தெரியாத பையனையும் அப்படியே காட்ட வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால், உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.