நிற்க மறந்த செல்கள்

மேலநீலிதநல்லூரிலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் எங்களிடம் வரும் பெண்களில் பலர் பீடி சுற்றுபவர்கள். இலை வெட்டும்போது கத்தரி விரலில் பட்டால் அதை ஒரு காயமாகவே அவர்கள் பொருட்படுத்துவதில்லை. தானே ஆறிவிடும் என்பார்கள். ஆறுவது உண்மைதான். ஆறி முடிந்ததும் அவ்வளர்ச்சி நின்றுவிடுகிறதே, எங்களுக்கு வியப்பளிப்பது அதுதான். காயத்தின் ஓரத்திலுள்ள தோல் செல்கள் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி இடைவெளியை நிரப்புகின்றன. எதிர்ப்புறத்துச் செல்களைத் தொட்டதும் பெருக்கம் அடங்கிவிடுகிறது.

இவ்வடக்கத்தைக் காப்பவை செல்லுக்குள் இருக்கும் புரதங்கள். அவற்றுள் இரண்டை மட்டும் சொல்கிறோம். ‘ஆர்பி’ என்னும் புரதம், தக்க அழைப்பு வந்தாலன்றிச் செல்லைப் பிரிய விடாது. ‘பி53’ என்னும் புரதம், மரபுப்பொருளில் பழுது நேர்ந்தால் பிரிவதை நிறுத்திவைக்கும். சரிசெய்ய இயலாத பழுதானால் அந்தச் செல்லையே மாயச் செய்யும்.

கருப்பை வாய்ப் புற்றுநோயில் இவ்விரு காவல்களும் தகரும் விதம் நன்கு அறியப்பட்டது. மனிதப் பாப்பிலோமா வைரஸின் சில வகைகள் அங்கே தங்கி, இரு புரதங்களை உண்டாக்குகின்றன. ஒன்று பி53-ஐச் சிதைக்கிறது. மற்றொன்று ஆர்பியைச் செயலிழக்கச் செய்கிறது. இவ்வைரஸே இந்நோய்க்குக் காரணம் என்று கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சுர் ஹௌசனுக்கு 2008இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பாலுறவு வாழ்வில் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இது தொற்றுகிறது. எனவே நோயுற்ற பெண்ணின் ஒழுக்கத்தை ஐயுற இதில் இடமே இல்லை. உடன் வரும் குடும்பத்தாரிடம் இதை நாங்கள் அழுத்தியே சொல்கிறோம்.

தொற்றியவர்களில் மிகப் பலருக்கு ஓரிரு ஆண்டுகளில் வைரஸ் தானாகவே நீங்கிவிடும். நீங்காத சிலரிடம், கட்டுப்பாடிழந்த செல்கள் பிரியப் பிரியப் பழுதுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. மேல்படலத்துக்குள் அவை அடங்கியிருக்கும் வரை அது புற்றுநோய்க்கு முந்தைய நிலை. அடிச்சவ்வைத் துளைத்து ஆழத்தில் இறங்கிய பின்னரே அது புற்றுநோய். இதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளே போதும். முந்தைய நிலையில் வலி இராது. “எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே, எதற்குப் பரிசோதனை?” என்று கேட்கிறார்கள். ஒன்றும் செய்யாத அந்தக் காலத்தில் வந்தால்தான் நோயை முளையிலேயே அகற்ற முடியும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. திண்டுக்கல் மாவட்டச் சிற்றூர்களில் 30 முதல் 59 வயதுவரையுள்ள ஏறத்தாழ 80,000 பெண்களைக் கொண்டு 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. ஒரு பகுதி ஊர்களில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஒரே ஒருமுறை பரிசோதனை செய்தனர். 2007இல் லான்செட் இதழில் முடிவுகள் வெளியாயின. அவ்வூர்களில் இந்நோயால் நேரும் இறப்பு, மற்ற ஊர்களைவிட 35 விழுக்காடு குறைந்திருந்தது. அழைக்கப்பட்ட 49,311 பேரில் வந்தவர்கள் 31,343 பேரே. வராதவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது கிடைத்த பலன் இது.

அன்று செவிலியர்கள் செய்த பரிசோதனை மிக எளியது. காடியில் உள்ள அசிட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், மாறுபட்ட செல்கள் வெண்மையாகத் தெரியும். மயக்க மருந்து வேண்டியதில்லை. வெண்மை தெரிந்தாலே புற்றுநோய் என்று அஞ்ச வேண்டாம். அது மேலும் ஆராய வேண்டிய இடம், அவ்வளவே. முந்தைய நிலையிலுள்ள செல்களைக் குளிரூட்டி அழித்துவிட்டு அன்றே வீடு திரும்பலாம். மாதவிடாய் நின்றவர்களுக்கு இம்முறை அவ்வளவு பொருந்தாது. அவர்களுக்கு வேறு சோதனைகள் உண்டு.

முப்பது வயதைக் கடந்த பெண்கள், மாதவிலக்கு இல்லாத ஒரு நாளில் வரவேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இப்பரிசோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. உறவுக்குப் பின்னரோ, மாதவிடாய் முற்றிலும் நின்ற பின்னரோ இரத்தம் பட்டால் நாள் பார்க்க வேண்டாம், அன்றே வந்துவிடுங்கள்.