செஞ்சி: சங்கராபரணிச் சைக்கிள் தடம்

திண்டிவனத்திலிருந்து மேற்கே சுமார் 28 கிலோமீட்டர் மிதித்து வந்த பிரயாணியின் கண்முன், உருண்டைப் பாறைகளை யாரோ அடுக்கிவைத்தாற்போல் எழுந்து நிற்கும் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் பிணைத்த செஞ்சிக் கோட்டை, 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்த 12 மராட்டியக் கோட்டைகளுள் தமிழகத்தில் உள்ள ஒன்றேயாகும். ராஜகிரி உச்சிக்கு மட்டும் படிகளில் நடந்தே ஏறவேண்டும்.

இப்பகுதியில் ஓடும் சங்கராபரணி ஆறு ஐப்பசி, கார்த்திகையில் பெருகி, ஏனைய மாதங்களில் பெரும்பாலும் மணலாய்க் கிடந்து, வீடூர் அணையைக் கடந்து புதுச்சேரிக்குத் தெற்கே சமுத்திரத்தை அடைகிறது; மழை ஓய்ந்த மார்கழியே, எம் அபிப்பிராயத்தில், அருகிலுள்ள பக்கமலைக் காட்டோரம் சைக்கிளில் செல்ல உசிதமான காலம்.

விழுப்புரம் திரும்புவோர், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஏதுமின்றி மும்மூர்த்திகளுக்கு ஆலயம் சமைத்ததை மகேந்திரவர்ம பல்லவன் பெருமிதத்தோடு கல்லில் பொறித்திருக்கும் மண்டகப்பட்டுக் குகைக்கோயிலில் சற்றே தங்கிச் செல்லலாம். ராஜகிரி உச்சிக்கு மட்டும் படிகளில் நடந்தே ஏறவேண்டும்.