கல்லைப் பார்க்க டிக்கெட்!



சுற்றுலான்னா நமக்கு ஊட்டி, கொடைக்கானல், கன்னியாகுமரி. கல் குவாரிக்கு யாராவது டிக்கெட் வாங்கிச் சுற்றுலா போவாங்களா? "கல்லை உடைக்கிறதுல பார்க்க என்னப்பா இருக்கு?" என்றுதானே கேட்பீர்கள்? அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் பேரி என்ற ஊருக்குப் பக்கத்தில் அப்படி ஒரு குவாரி இருக்கிறது. கம்பெனியின் பெயர் 'ராக் ஆஃப் ஏஜஸ்'. அதைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

கல் பிறந்த கதை

பூமிக்கு அடியில் கொதிக்கும் பாறைக்குழம்பு மேலே வராமல், உள்ளேயே மெல்ல மெல்ல ஆறி இறுகினால் அதுதான் கிரானைட். பேரியின் சாம்பல் நிறக் கிரானைட் இப்படி உருவாகி 35 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. டைனோசர்களுக்கும் மூத்தது! கல்லின் பொடி ஒரே சீராக இருப்பதால் நுணுக்கமாகச் செதுக்கலாம், வெயில் மழைக்கும் அசையாது.

கம்பெனி வளர்ந்த கதை

வெர்மான்டின் தலைநகர் மான்ட்பீலியரில் 1838-ல் கட்டி முடித்த சட்டமன்றக் கட்டடத்துக்கு பேரியில் இருந்துதான் கல் போனது. அப்போது ரயில் கிடையாது. குதிரைகளும் எருதுகளும் இழுத்துக்கொண்டு போயின. 1880-களின் கடைசியில் குவாரி மலைக்கே ரயில் பாதை ஏறியது. அதற்குப் பிறகு தொழில் கிடுகிடுவென்று வளர்ந்தது. ஸ்காட்லாந்தில் இருந்தும் இத்தாலியில் இருந்தும் கல் தச்சர்கள் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். 1880-ல் சுமார் 2,000 பேர் இருந்த ஊரில், 10 வருடத்தில் 6,000-க்கு மேல் ஆகிவிட்டார்கள்.

1885-ல் தொடங்கிய கம்பெனிக்கு முதலில் பங்குதாரர்களின் பெயர்தான்: 'பௌட்வெல், மில்ன் அண்ட் வார்னம்'. சொல்லிப் பாருங்கள், வாயில் நுழைகிறதா? 1925-ல் 'ராக் ஆஃப் ஏஜஸ்' என்று மாற்றினார்கள். 'காலங்களைக் கடந்த பாறை' என்று அர்த்தம். கல்லறைக் கற்கள்தான் முக்கிய வியாபாரம் என்பதால் பெயர் நன்றாகப் பொருந்தியது. 2016-ல் கனடாவின் பாலிகார் நிறுவனம் இதை வாங்கியது.

சுற்றுலாவில் என்ன பார்க்கலாம்?

அந்த ஊரில் பனிக்காலம் மிகக் கடுமை. அதனால் வெயில் அடிக்கும் மாதங்களில்தான் சுற்றுலா. பஸ்ஸில் குவாரி விளிம்பு வரை கூட்டிப் போகிறார்கள். வேலிக்கு இந்தப்பக்கம் நின்று எட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட 600 அடிப் பள்ளம்! நம் கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலை, பீடத்தோடு சேர்த்து 133 அடி. அதுமாதிரி நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் மேலே எட்டாது. கீழே வேலை செய்கிற ஆட்கள் எறும்பு மாதிரி தெரிவார்கள்.

அடுத்து தொழிற்சாலை. கல்லை அறுப்பது, பாலிஷ் போடுவது, எழுத்து வெட்டுவது எல்லாவற்றையும் பார்க்கலாம். கிரானைட்டிலேயே செய்த பவுலிங் தளம்கூட ஒன்று இருக்கிறது. கம்பெனி சோதனைக்காகப் போட்டுப் பார்த்ததாம்.

பக்கத்தில் 1895-ல் தொடங்கிய ஹோப் கல்லறைத் தோட்டம். அதையும் சுற்றிப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். கல்லிலேயே ரேஸ் கார், விமானம், கால்பந்து, நாற்காலி! இறந்தவருக்கு எது பிடிக்குமோ அதைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

அழகுக்குப் பின்னால்

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். அந்தத் தோட்டத்தில் லூயி புருசா என்ற சிற்பியின் கல்லறை இருக்கிறது. மூச்சுத் திணறும் ஒரு மனிதரை அவர் மனைவி தாங்கிப் பிடித்திருப்பது போன்ற சிலை அது. புருசா 1937-ல் இறந்தார். காரணம், சிலிக்கோசிஸ்.

அது என்ன நோய்? கிரானைட்டில் குவார்ட்ஸ் இருக்கிறது. அது சிலிக்கா. கல்லை வெட்டும்போது கண்ணுக்கே தெரியாத தூசியாகப் பறக்கும். பெரிய தூசி மூக்கில், தொண்டையில் மாட்டிக்கொண்டு இருமலில் வந்துவிடும். இந்த நுண்தூசி நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்த் தங்கிவிடும். அந்த இடம் புண்ணாகித் தழும்பாகும். தழும்பு விரியாது, அதனால் மூச்சு வாங்கும். காசநோயும் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். போன தழும்பைச் சரியாக்க மருந்து இல்லை.

கையால் உளி அடித்த காலத்தில் தூசி குறைவு. காற்றழுத்தக் கருவிகள் வந்ததும் வேலை வேகமானது, தூசியும் பெருகியது. குளிருக்காகக் கொட்டகைக் கதவை வேறு சாத்திவிடுவார்கள். நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் நடுவயதிலேயே இறந்தார்கள். அடுத்தவருக்குக் கல்லறைக் கல் செதுக்கியவருக்கே சீக்கிரம் கல்லறை! தொழிலாளர்கள் சங்கம் சேர்ந்தார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள். 1920-களில் அரசு மருத்துவர்கள் வந்து தூசியை அளந்து ஆராய்ந்தார்கள். 1930-களின் கடைசியில்தான் ஒவ்வொரு கருவிக்குப் பக்கத்திலும் தூசியை உறிஞ்சும் குழாய் வைத்தார்கள். அதற்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் அந்த நோய் ஏறக்குறைய இல்லாமலே போனது.

யோசித்துப் பாருங்கள். அதே கல், அதே வேலை. ஒரு குழாய் வந்ததும் உயிர் தப்பியது.

நம் நாட்டில் கல் உடைக்கிறவர்களுக்கு இன்றும் இந்த நோய் வருகிறது. தண்ணீர் தெளித்தபடி வெட்டினால் தூசி பறப்பது வெகுவாகக் குறையும். தூசியை உறிஞ்சும் கருவியும், அதற்கென்றே உள்ள முகக்கவசமும் வேண்டும். முகத்தில் துண்டு கட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது, நுண்தூசி துணியில் நுழைந்துவிடும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ கல் வேலைக்குப் போகிறவர்கள் இருந்தால், இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது இன்றைக்கே சொல்லுங்கள்.

கல் காலத்தைக் கடந்து நிற்கட்டும். அதை வெட்டுகிற மனுஷனும் நல்லா இருக்கணும்!